லொப்மாஸ் திருநாள்

ஹம்சிகாவின் துப்பறியும் நிலையம் வெள்ளவத்தை காலி வீதியில், ஒரு சாறிக் கடையின் மேல்மாடியில் இருந்தது. கீழே கூறைச் சாறி எடுக்க வரும் தாய்மார், அப்படியே படியேறி மேலே வந்து, மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கச் சொல்லிவிட்டுப் போவார்கள். மாப்பிள்ளை குடிப்பாரா, சொன்ன வேலையில்தான் இருக்கிறாரா, கனடாவில் ஏற்கெனவே ஒரு குடும்பம் வைத்திருக்கிறாரா. அவள் விசாரித்த கல்யாணங்களில் பாதி நின்றுபோயிருந்தன. அந்த வட்டாரத்து மண்டபக்காரர்கள் அவளைக் கண்டால் வீதியின் மறுபக்கம் போய் நடப்பார்கள்.

அதனால் அன்று காலை ரூபிகா என்ற பெண் வந்து உட்கார்ந்து, "அக்கா, ஒரு கல்யாணத்தைக் காப்பாத்த வேணும்" என்றபோது, ஹம்சிகாவுக்கு உடனே என்ன சொல்வதென்று தெரியவில்லை.

உதவியாளன் இப்ஹாமுக்குத் தெரிந்தது. "தங்கச்சி, நீங்க எடம் மாறி வந்திட்டீங்க போல. நாங்க ஒடைக்கிற டிபார்ட்மென்ட்."

இப்ஹாம் கொட்டாஞ்சேனைக்காரன். சொந்தமாக ஒரு முச்சக்கரவண்டி வைத்திருந்தான். அதைவிட வேகமாக ஓடும் வாயும் வைத்திருந்தான். நிலையத்தின் வாகனம், சாரதி, அலுவலக உதவியாளர், விளம்பரப் பிரிவு எல்லாம் அவன்தான்.

"ஆருடைய கல்யாணம்?" ஹம்சிகா கேட்டாள்.

"என்ர கல்யாணம்தான் அக்கா. மண்டபம் எடுத்தாச்சு, காட் அடிச்சாச்சு. இப்ப அப்பா வேண்டாம் எண்டு நிக்கிறார்."

"மாப்பிள்ளையில என்ன பிழை?"

"கார்த்திகனில ஒரு பிழையும் இல்லை. அவற்ற அம்மா ஒரு சொல்லு வைச்சிட்டா."

"ஏசிட்டாவோ?"

"இல்லை அக்கா. ஸ்க்ரபிள் போட்டில."

இப்ஹாம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். இனி எழும்ப மாட்டான் என்று ஹம்சிகாவுக்குத் தெரியும்.

ரூபிகா சொன்ன கதை இதுதான். வெள்ளவத்தையில் ஓய்வுபெற்றவர்கள் கூடி ஆங்கிலச் சொல் விளையாடும் கழகம் ஒன்று உண்டு. அங்கே யாருக்கும் தாம் வைக்கும் சொல்லின் பொருள் தெரியவேண்டிய கட்டாயம் இல்லை. சொல் அகராதியில் இருந்தால் போதும். அதன் நிரந்தரச் சாம்பியன் ரூபிகாவின் தந்தை பாலசுந்தரம், முன்னாள் கணக்காய்வாளர். பொருளும் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் எழும்பி நின்று விளக்கம் சொல்வார். கடந்த ஞாயிறு இறுதிப் போட்டியில் அவருக்கு எதிரே உட்கார்ந்தவர் கொட்டாஞ்சேனையில் பாடசாலை உப அதிபராக இருந்து ஓய்வுபெற்ற சரோஜினிதேவி. கார்த்திகனின் தாய். வருங்காலச் சம்பந்தி.

"மாமி ஆட்டத்துக்கு நடுவில ரெண்டு தரம் வெளியில போனவ. ரெண்டாந் தரம் வந்து இருந்து 'லொப்மாஸ்' எண்டு வைச்சவ. எல், ஓ, பி, எம், ஏ, எஸ். அந்த ஒரு சொல்லிலதான் அப்பா தோத்தவர். வெளியில போய் ஃபோனில தேடிப் பாத்திட்டு வந்திட்டா, கள்ளி வீட்டுக்குப் பொம்பிளை குடுக்க மாட்டன் எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டார்."

"ஃபோனில எப்பிடித் தேடுறது?"

"கையில இருக்கிற எழுத்துகளைக் குடுத்தால், அதில வாற சொல்லெல்லாம் தாற அப் இருக்கு அக்கா. இன்ன எழுத்து இருக்கோணும், இன்ன எழுத்து இருக்கக்கூடாது எண்டு கேட்டாலும் தரும்."

"எங்கட தரகர்மார் மாதிரி" என்றான் இப்ஹாம்.

ஹம்சிகா வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தாள். "அந்த விளையாட்டில சந்தேகமான சொல்லைச் சலேஞ்ச் பண்ணலாம் எல்லோ? நடுவர் அகராதியில பாத்து, இல்லாட்டி எடுத்துவிடுவார்."

"ஓம். அப்பா எல்லாத்தையும் சலேஞ்ச் பண்ணுறவர். பூனைக்கு 'கேட்' எண்டு வைச்சாலும் ஒருக்கா யோசிப்பார்."

"லொப்மாஸைப் பண்ணினவரோ?"

ரூபிகா தலையாட்டினாள். "இல்லை. அது சரியான சொல்லுத்தானாம். தனக்குத் தெரியுமாம். மாமிக்கு எப்பிடித் தெரியும் எண்டதுதான் அவற்ற கேள்வி."

பேசிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தி, கைப்பையின் வாரை விரலில் சுற்றத் தொடங்கினாள். "ரெண்டு வீட்டிலயும் இப்ப ஒருத்தரோட ஒருத்தர் கதைக்கிறதில்லை. கார்த்திகன் ஃபோன் எடுத்தால் 'உங்கட அப்பா' எண்டு தொடங்குறார். நான் 'உங்கட அம்மா' எண்டு தொடங்குறன். இன்னும் ரெண்டு கிழமை இப்பிடியே போனால், அப்பா நிப்பாட்டத் தேவையில்லை அக்கா. நாங்களே நிப்பாட்டிடுவம்."

ஹம்சிகா எழும்பிக் கைப்பையை எடுத்தாள்.

*

பாலசுந்தரத்தின் வீடு கடலோரத்து மாடிக்கட்டடம் ஒன்றின் ஆறாம் மாடியில். வாசல் காவலாளி முச்சக்கரவண்டியை மறித்து, "கொஹேட்டத மல்லி?" என்று எங்கே போகிறார்கள் எனக் கேட்டான். இப்ஹாம் சிங்களத்தில் ஏதோ நீளமாகச் சொல்ல, அவன் விழுந்து விழுந்து சிரித்துக் கதவைத் திறந்தான். என்ன சொன்னாய் என்று ஹம்சிகா கேட்கவில்லை. கேட்டால் மறுத்துப் பேசவேண்டி வரும்.

பாலசுந்தரம் வீட்டிலும் இஸ்திரி போட்ட சேர்ட் அணிந்திருந்தார். மகள் துப்பறிவாளரை அமர்த்தியது அவருக்கு மிகுந்த திருப்தி. சரோஜினிதேவியைப் பிடித்துத் தரத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தார். வரவேற்பறையின் நடுவில், மரத் தாங்கியின் மேல், தலையணை அளவு ஆங்கில அகராதி ஒன்று விரித்து வைக்கப்பட்டிருந்தது. இப்ஹாம் அதன் முன்னால் கொஞ்ச நேரம் பயபக்தியோடு நின்றான்.

"இதை நான் பாடமாக்கி இருக்கிறன்" என்றார் பாலசுந்தரம். "யூ ஸீ, ஃபோனிட்ட எழுத்தைக் குடுத்துச் சொல்லுக் கேக்கிறது பிச்சை எடுக்கிற வேலை. அந்த மனிசிக்கு லொப்மாஸ் எப்பிடித் தெரியும்? ஷீ இஸ் ஃப்ரொம் கொட்டாஞ்சேனை."

"நானும் கொட்டாஞ்சேனதான் சேர்" என்றான் இப்ஹாம். "எங்கட பக்கத்துக்கு இங்கிலீஷ் வாறதுக்குள்ள டிராஃபிக்ல மாட்டிக்கிச்சு."

"லொப்மாஸ் எண்டால் என்ன அங்கிள்?" ஹம்சிகா கேட்டாள்.

கேட்கமாட்டார்களா என்றுதான் அவர் காத்திருந்தார். எழும்பி நின்றார். "ஸ்கொட்லாந்தில பழைய காலத்தில கொண்டாடின அறுவடைத் திருநாள். கிறிஸ்மஸ் மாதிரி, லொப்மாஸ். அண்டைக்கு ஊர்ச்சனம் பார்லி மாவில ரொட்டி சுட்டு, முதல் ரொட்டியை ஆட்டுக்குக் குடுக்கிறது."

"ஆட்டுக்கோ?"

"ஆட்டுக்கு. கழகத்திலயும் இதைச் சொன்னனான். எல்லாரும் கை தட்டினவை."

அவர் மனைவி தவமலர் தேநீர்த் தட்டோடு வந்தார். மெலிந்த, அமைதியான அம்மா. ஆடு என்ற சொல் காதில் விழுந்தபோது அவர் கணவரை ஒரு முறை உற்றுப் பார்த்தார். கோப்பைகளை வைத்துவிட்டுத் தலை நிமிராமல் உள்ளே போனார்.

கழகச் செயலாளர் தொலைபேசியில் அழைக்க, பாலசுந்தரம் பல்கனிப் பக்கம் போனார். ஹம்சிகா அகராதியின் எல் பக்கத்தைப் புரட்டினாள். மூளையை வெட்டும் சத்திரசிகிச்சைக்கு ஒரு சொல் இருந்தது. அதற்குக் கீழே சிங்க இறால் இருந்தது. திருநாள் எதுவும் இல்லை. புத்தகத்தைப் பழையபடி விரித்துவைத்தாள்.

கீழே வந்ததும் இப்ஹாம் கேட்டான். "அப்ப அந்த ஆடு?"

"ஆடும் இல்லை, ரொட்டியும் இல்லை."

"மனுஷன் அப்பிடியே கண்ணால கண்ட மாதிரி சென்னாரே மிஸ்."

"தெரியாது எண்டு சொல்ல வெக்கம். அவிட்டு விட்டிருக்கிறார். அது வெள்ளவத்தையில குற்றமில்லை." ஹம்சிகா வண்டியில் ஏறினாள். "புத்தகத்தில இல்லாத சொல்லைக் கார்த்திகன்ர அம்மா எங்க பிடிச்சவ? அதைத்தான் பாக்கவேணும். கொட்டாஞ்சேனைக்கு விடு."

*

சரோஜினிதேவி கேள்வி கேட்கும் ஆட்களை நிறையப் பார்த்தவர். வந்தவர்கள் இருவரையும் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி வந்த பிள்ளைகளைப் போலப் பார்த்து, உட்காரச் சொன்னார். வெற்றிக் கிண்ணம் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் இருந்தது. அதைத் துடைத்துத் துடைத்து ஒரு பக்கம் மினுங்கியது.

"ரெண்டு தரம் வெளியில போனது உண்மைதான்" என்றார். "ஃபோன் மேசையிலதான் கிடந்தது. நடுவரைக் கேளுங்கோ."

"அப்ப ஏன் அன்ரி போனீங்கள்?"

"சிரிக்க."

"சிரிக்கவோ?"

"அந்த எழுத்துகள் என்ர கையில வந்து சேர்ந்திட்டுது. முகத்தை வைச்சுக்கொண்டு இருக்க ஏலாமல் போச்சு. குழாயடியில நிண்டு சிரிச்சுப்போட்டு வந்தனான். திரும்ப வந்திட்டுது, திரும்பப் போனனான்."

"என்னத்துக்குச் சிரிப்பு?"

"அதைச் சொல்ல மாட்டன்."

"அந்தச் சொல்லு எங்க படிச்சீங்கள்?"

"அதையும் சொல்ல மாட்டன். ஒராளுக்கு வாக்குக் குடுத்திருக்கிறன்."

"அகராதியில அப்பிடி ஒரு சொல்லு இல்லை அன்ரி."

சரோஜினிதேவியின் முகத்தில் முதல் தடவையாக ஒரு தடுமாற்றம் வந்தது. எழும்பிப் போய்த் தமது அகராதியை எடுத்து வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு முறை பார்த்தார். கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"நான் கள்ளம் செய்யேல்லை பிள்ளை" என்றார். குரல் இறங்கியிருந்தது. "சரியான சொல்லெண்டு நம்பித்தான் வைச்சனான்."

"எனக்கு அது விளங்குது. அந்த ஆள் ஆரெண்டு சொன்னால் இண்டைக்கே முடிஞ்சிடும்."

"சொன்னால் இன்னொரு வீட்டில தொடங்கும்."

அதற்குமேல் அவர் வாய் திறக்கவில்லை. வாசலில் இப்ஹாம் கிண்ணத்தைத் திரும்பிப் பார்த்துச் சொன்னான். "டீச்சர், உண்மையச் செல்லுங்க, அது பித்தள கழுவுற புளியாலதானே மினுங்குது." அப்போதும் அவர் சிரிக்கவில்லை.

*

திரும்பும் வழியில் இப்ஹாம் தன் மச்சினிச்சி நுஹாவுக்கு அழைப்பெடுத்தான். நுஹா கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்பவள். அலுவலகங்களுக்கிடையிலான ஸ்க்ரபிள் போட்டிகளில் விளையாடுபவள்.

"லொப்மாஸா? அப்பிடி ஒரு சொல்லில்ல மச்சான்" என்றாள் அவள். ஒலிபெருக்கியில் அவள் குரல் வண்டிச் சத்தத்துக்கு மேலால் கேட்டது. "என்ட அப்லயும் பாத்தேன். இல்ல."

"என்ன அப்?" ஹம்சிகா குனிந்து கேட்டாள்.

"வேர்ட் மாமா. கொழும்புல எல்லாரும் அதத்தான் பாவிக்கிற. எழுத்தக் குடுத்தா சொல்லுத் தரும். கியூ ஈக்கோணும், யூ ஈக்கக் கூடான்னு கேட்டாலும் தரும். இரத்மலானைல ஒரு பொடியன் செஞ்சது. ஆனா மிஸ், அத முழுக்க நம்பேலா. அது தந்த ஒரு சொல்ல நான் போட்டியில வச்சேன். ஜட்ஜ் பாத்திட்டுத் தூக்கிப் போட்டாரு. எனக்கு அழுகையே வந்திச்சு."

"என்ன சொல்லு?"

"யூ, டீ, டீ, ஓ, கே. அட்டொக். ஏதோ மிருகம்னு நெனச்சேன்."

இப்ஹாம் அழைப்பை வைத்தான். காலி வீதியில் வாகனங்கள் நகரவில்லை. ஒரு சாப்பாட்டுக் கடைக்கு முன்னால் வண்டி நின்றது, பிறகு நாலடி முன்னே போய் மறுபடி நின்றது.

"அட்டொக்" என்று சொல்லிப் பார்த்தான் இப்ஹாம். "வேட்டக்காரன் சுட்டா அட்டொக்குன்னு விழும் போல."

ஹம்சிகா மனதுக்குள் எண்ணினாள். ஒரே நாளில் இரண்டு பொய்ச் சொற்கள். ஒன்று இந்த அப்பிலிருந்து வந்திருந்தது. மற்றது எங்கிருந்து?

"மிஸ்." இப்ஹாமின் குரல் மாறியிருந்தது. அவன் பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். "இங்கன வந்து இந்தக் கண்ணாடியப் பாருங்க. பின்னால திரும்பாதீங்க. கண்ணாடிய மட்டும்."

அவள் முன்னால் குனிந்தாள். கண்ணாடிக்குள், அவர்கள் தாண்டி வந்த கடையின் பெயர்ப்பலகை தெரிந்தது. பெரிய சிவப்பு ஆங்கில எழுத்துகள். யூ, டீ, டீ, ஓ. கடைசியில் நின்ற கே மட்டும் முதுகைத் திருப்பிக்கொண்டிருந்தது.

ஹம்சிகா திரும்பி நேரே பார்த்தாள். பலகையில் கொத்து என்று எழுதியிருந்தது.

"கொத்து ரொட்டிய ரிவர்ஸ்ல போட்டிருக்கானுகள்" என்றான் இப்ஹாம்.

ஹம்சிகா லொப்மாஸை மனதுக்குள் பின்னாலிருந்து எழுத்துக் கூட்டினாள். எஸ், ஏ, எம், பி, ஓ, எல்.

"சம்பல்" என்றாள் மெதுவாக. "இப்ஹாம், ஸ்கொட்லாந்துத் திருநாள் எங்கட தேங்காய்ச் சம்பல்."

பின்னால் நின்ற பஸ் ஹோர்ன் அடித்தது. இப்ஹாமுக்கு அது கேட்கவில்லை. ஹாண்டிலில் தலையை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் நிமிர்ந்ததும், "இரத்மலானைக்குத் திருப்பு" என்றாள் ஹம்சிகா.

*

வேர்ட் மாமாவை உருவாக்கிய முஸ்அப், விமானத்தளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கராஜின் பின்னறையில் இருந்தான். ஹம்சிகா இரண்டு சொற்களையும் சொன்னதும், பிடிபட்டவன்போல விழிக்காமல் பெருமையாகச் சிரித்தான்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா? நல்ல ஐடியா இல்லியா மிஸ்? டியூஷன் மாஸ்டர்மார் ஒரு கொப்பி வாங்குவாங்க. அத வகுப்பு முழுக்கக் களவா ஷேர் பண்ணுவாங்க. அதனால ஒவ்வொரு கஸ்டமருக்கும் ஒரு பொய்ச் சொல்லு போட்டு வச்சேன். ஒவ்வொருத்தருக்கும் வேற வேற சாப்பாடு. எந்தச் சாப்பாடு வெளியில வருதுன்னு பாத்தா, எவன் களவு குடுத்தான்னு தெரிஞ்சிரும்."

"அப்ப சம்பல் ஒராளிட்ட மட்டும்தான் இருக்கு?"

"ஒரே ஆளு."

"ஆர்?"

முஸ்அப் நிமிர்ந்து உட்கார்ந்தான். "கஸ்டமர்ட பேரு செல்லேலா மிஸ். பிரைவசி."

ஹம்சிகா பெருமூச்சு விட்டாள். சொல்லாவிட்டாலும் விஷயம் விளங்கிவிட்டது போலத்தான் இருந்தது. சரோஜினிதேவி, அல்லது அவர் வாக்குக் கொடுத்த யாரோ ஒருவர், இந்த அப்பை வாங்கியிருக்கிறார். பாலசுந்தரம் சொன்னது சரி. ரூபிகாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று அவள் யோசிக்கத் தொடங்கினாள்.

இப்ஹாம் கதவு நிலையில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான். "வாங்க மிஸ் போவோம். அந்த சம்பல் கஸ்டமர் சென்னது சரிதான். இந்த அப்ல ஈக்கிறதெல்லாம் ரோட்டு இங்கிலீஷாம்."

முஸ்அப்பின் முகம் சிவந்தது. "அந்தக் கெழவன் அப்பிடியா சென்னான்?"

கெழவன். ஹம்சிகா கைப்பையைக் கீழே வைத்தாள்.

"எவ்வளவு செஞ்சு குடுத்தேன் அவருக்கு. ஒவ்வொரு கிழமையும் வொய்ஸ் மெசேஜ். அது தெரியல்ல, இது வேலைசெய்யல்ல. செஞ்சு குடுத்தா, என்ட இங்கிலீஷத் திருத்துறாரு. கேளுங்க, நீங்களே கேளுங்க."

பிரைவசியை மறந்து தொலைபேசியை நீட்டினான். ஒரு தொண்டைச் செருமல் கேட்டது. பிறகு குரல் வந்தது. யங் மேன், யூ ஸீ, ஃபைனல் ஞாயிற்றுக்கிழமை. எம்மும் பீயும் சேர்ந்து வாற சொல்லுகளை என்ர டெப்லெட்டில பெரிய எழுத்தில தெரியிற மாதிரிச் செய்து தாரும். அண்ட் ப்ளீஸ், 'ஷெடியூல்' எண்டு சொல்லும், 'ஸ்கெடியூல்' எண்டு சொல்லாதேயும்.

மேலே ஒரு சிறிய விமானம் இறங்கிப் போனது. இரைச்சல் அடங்கியது.

"அந்த மனுஷன் தூக்கி வச்ச அகராதிய நான் கும்பிடாம வந்தது நல்லதாப் போச்சு" என்றான் இப்ஹாம்.

*

பாலசுந்தரம் அவர்களை வாசலிலேயே வரவேற்றார். "பிடிச்சிட்டீங்களோ?"

"பிடிச்சிட்டம் அங்கிள். எல்லாரும் இருக்கட்டும், சொல்லுறன்."

ரூபிகா தாயின் கையைப் பிடித்தபடி வந்து உட்கார்ந்தாள். ஹம்சிகா அவசரப்படாமல் கேட்டாள். "லொப்மாஸ் பற்றி ஒரு சின்னச் சந்தேகம். அந்தத் திருநாள் எந்த மாசம் அங்கிள்?"

"ஒக்டோபர்" என்றார் அவர் உடனே. "முதல் வெள்ளி."

"ஆட்டுக்கு ரொட்டியோட தொட்டுக்கொள்ள ஏதும் குடுக்கிறவையோ?"

"தேன்."

"சம்பல் இல்லையோ?" என்றான் இப்ஹாம்.

பாலசுந்தரம் அவனை முறைத்தார். ஹம்சிகா ஒரு துண்டில் அந்த ஆறு எழுத்தையும் எழுதி அவர் முன்னால் வைத்தாள்.

"பின்னாலயிருந்து வாசியுங்கோ அங்கிள்."

அவர் வாசித்தார். உதடுகள் அசைந்தன. ஒரு கணம் ஒன்றும் விளங்காதவர்போல இருந்தார். பிறகு காதுமடல்கள் மெல்லச் சிவந்தன.

இரத்மலானைப் பொடியன் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒவ்வொரு பொய்ச் சொல் வைத்ததையும், சம்பல் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதையும் ஹம்சிகா சுருக்கமாகச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

"உலகத்திலயே அந்தச் சொல்லு உங்கட டெப்லெட்டில மட்டும்தான் இருந்தது. வேற ஆராயிருந்தாலும் சலேஞ்ச் பண்ணியிருப்பினம். நடுவர் அகராதியில பாத்திட்டு அதை எடுத்திருப்பார். கப் உங்களுக்கு வந்திருக்கும். நீங்கள் அதை அப்பில பாத்துப் பாடமாக்கினபடியால், சரியான சொல்லெண்டு நம்பி விட்டிட்டீங்கள்."

ரூபிகா தந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, பிச்சை எடுக்கிற வேலை எண்டு சொன்னீங்களே."

அவர் அந்தத் துண்டைக் குப்புறத் திருப்பி வைத்தார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, கணக்காய்வாளரின் மூளை ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தது. தலையை நிமிர்த்தினார். "அப்ப அவவுக்கு எப்பிடித் தெரியும்? என்ர டெப்லெட்டில மட்டும் இருந்ததெண்டால், அந்த மனிசி என்ர வீட்டில களவெடுத்திருக்கிறா."

"நான்தான் சொன்னனான்" என்றார் தவமலர்.

அறையில் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மகளின் கையை விட்டு, மடியில் தன் கைகளைக் கோத்துக்கொண்டார்.

"கூறைச் சாறி விஷயமாச் சரோஜினி ஃபோன் எடுக்கேக்க, நீங்கள் குளியலறையில நிண்டு லொப்மாஸ், லொப்மாஸ் எண்டு பாடமாக்கிக்கொண்டு இருந்தீங்கள். என்ன சத்தம் எண்டு அவ கேட்டா. நான் எழுத்துக் கூட்டிச் சொன்னன். நீங்களும் இதை வையுங்கோ, அவற்ற முகத்தைப் பாப்பம் எண்டன். அவ என்னைக் காட்டிக்குடுக்க மாட்டன் எண்டு சத்தியம் பண்ணினவ."

"ஏன் தவம்?" அவர் குரல் ஏறக்குறையக் கேட்கவில்லை. "நான் தோக்கிறதைப் பாக்கவோ?"

"ஓம்" என்றார் தவமலர். "எங்கட பிள்ளை நாளைக்கு அந்த வீட்டிலதான் இருக்கப்போறா. நீங்கள் அந்த மனிசியைக் காணுற இடமெல்லாம் கொட்டாஞ்சேனை இங்கிலீஷ், கொட்டாஞ்சேனை இங்கிலீஷ் எண்டு சிரிச்சீங்கள். நாளைக்கு அதின்ர வட்டியை இவள்தான் கட்டவேணும். ஒருக்காத் தோத்தால் வாய் அடங்கும் எண்டு நினைச்சன். கள்ளி எண்டு சொல்லுவீங்கள் எண்டு நான் நினைக்கேல்லை. சரோஜினி அதையும் கேட்டுக்கொண்டு என்ர பேரைச் சொல்லாமல் இருந்தா."

 ரூபிகா தாயின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பாலசுந்தரம் வெகுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் ஒன்று கீழே கடற்கரைத் தண்டவாளத்தில் போய் மறைந்தது. பிறகு எழும்பி, தொலைபேசியை எடுத்துத் தானே இலக்கத்தை அழுத்தினார். யாரும் அவரை அழுத்தச் சொல்லவில்லை.

"சம்பந்தி, நான் பாலசுந்தரம் கதைக்கிறன்" என்றார். தொண்டையைச் செருமினார். "நான் சொன்னது பிழை. ஞாயிற்றுக்கிழமை கழகத்திலயும் எழும்பி நிண்டு சொல்லுறன். உங்களில கள்ளமில்லை. கள்ளம் என்னட்டத்தான்."

மறுபக்கம் தொலைக்காட்சியை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சரோஜினிதேவியின் குரல் அறை முழுவதும் கேட்டது. அவர் ஓங்கிப் பேசிப் பழகியவர்.

"சொல்லுங்கோ, அது உங்கட கடமை. ஆனா லொப்மாஸ் எண்டு ஒரு சொல்லில்லாட்டி, அந்தக் கப் எனக்கும் உரியதில்லை. நாளைக்குக் கழகத்தில குடுத்துவிடுறன். கல்யாணம் முடியத் திரும்ப விளையாடுவம். டெப்லெட்டைத் தவமலரிட்ட குடுத்திட்டு வாங்கோ."

"ஓம்" என்றார் பாலசுந்தரம்.

"கார்த்திகன் இதில நிண்டு ஃபோனைப் பறிக்கிறான். பிள்ளையிட்டக் குடுங்கோ."

ரூபிகா தொலைபேசியை வாங்கிக்கொண்டு பல்கனிக்கு ஓடினாள். கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடிக்கு அப்பால் அவள் பேசுவது கேட்கவில்லை. அழுதுகொண்டே சிரிப்பது மட்டும் தெரிந்தது.

தவமலர் ஹம்சிகாவையும் இப்ஹாமையும் லிஃப்ட் வரை கொண்டுவந்து விட்டார். 

"கோவமா இருப்பாரோ அன்ரி?" ஹம்சிகா கேட்டாள்.

"ஒரு மாசம் என்னோட கதைக்க மாட்டார்."

"கவலைப்படாதீங்கோ. சரியாகும்."

"கவலையில்லை பிள்ளை." தவமலர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவர் கதைச்சுக்கொண்டே இருக்கிறபடியால் வீட்டில ரேடியோ போடுறதில்லை. உள்ளுக்குப் போய் முதல் வேலை அதைத்தான் போடப்போறன்."

லிஃப்ட் கதவு மூடியது. நாலாம் மாடியைத் தாண்டும்போது, மேலேயிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. அது மெதுவாக இல்லை.